நமஸ்தேக்கு இருக்குற அர்த்தத்தையே போடுங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்க யோகா பக்கத்துல "நமஸ்தே"ன்னா "என்னுள் இருக்கும் தெய்வம் உன்னுள் இருக்கும் தெய்வத்தை வணங்குகிறது"ன்னு அர்த்தம் போட்டிருந்தீங்க, படிச்சதும் எழுதாம இருக்க முடியல. அது அந்தச் சொல்லோட அர்த்தம் இல்லீங்க, பின்னாடி வந்தவங்க அது மேல ஏத்தின விளக்கம். நமஸ், தே, ரெண்டே துண்டு. சமஸ்கிருதத்துல நம்னா வளையறது, குனியறது, அதுலருந்து நமஸ் வந்துச்சு, தேன்னா உனக்கு, சேர்த்தா உனக்கு வணக்கம், அவ்ளோதான். சிவனைப் போற்றுற வேத மந்திரமான ஸ்ரீருத்ரம் ஆரம்பிக்கறதே "நமஸ்தே ருத்ர"ன்னுதான், அங்கயும் ருத்ரனை எதிர்ல நிக்க வெச்சு நேரா பேசுறாங்க. நம்ம வணக்கமும் வணங்குலருந்து வந்தது, வணங்குன்னாலும் வளையறதுதான், குறள் 827ல வில்லு வளையறதையே வில்வணக்கம்னு வள்ளுவர் சொல்றார். ரெண்டு மொழியிலயும் முதுகு வளைஞ்சுதான் மரியாதை பொறந்திருக்குன்னு தெரிஞ்ச அன்னைக்கு எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

உள்ள தெய்வம் இருக்குன்னு நெனச்சு கும்பிடறவங்க தாராளமா அப்படியே கும்பிடட்டும், அது அவங்க நம்பிக்கை. ஆனா சொல்லுக்கே அதுதான் அர்த்தம்னு கிளாஸ்ல சொல்லிக் குடுக்கும்போது சிலர் ஒதுங்கிப் போறாங்க. எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு, வேற மதம், கடைசில எல்லாரும் கை கூப்பும்போது அது மட்டும் கையை மடியிலயே வெச்சிட்டு குனிஞ்சு உக்காந்திருக்கும், பார்க்கவே கஷ்டமா இருக்கும். ஒரு நாள் பக்கத்துல உக்காந்து வெறும் உனக்கு வணக்கம்தாம்மா இதுக்கு அர்த்தம்னு சொன்னேன், அவ்ளோதானா ஆன்ட்டின்னு கேட்டுச்சு, மறுநாள் அதுவே என்னைப் பார்த்து கை கூப்புச்சு.

இன்னொண்ணும் சொல்லணும். தேங்கறது ஒருமை. பல பேருக்குன்னா சமஸ்கிருதத்துல நமோ வஹன்னு வரும். அப்போ நமஸ்தேங்கறது கூட்டத்தைப் பார்த்து சொல்றது இல்ல, ஒரு ஆள் இன்னொரு ஆளுக்கு சொல்றது. ஆனா நடக்கறது என்ன, கடைசில அசையாம படுத்திருக்கற சவாசனம் முடிஞ்சு எழுந்து உக்காந்ததும் மாஸ்டர் எங்கயோ பார்த்துக்கிட்டு நமஸ்தேங்கறார், அவர் முடிக்கறதுக்குள்ள இந்தப் பக்கம் மேட் சுருட்டுற சத்தம் கேக்குது, ஸ்கூல் பெல் அடிச்ச மாதிரி.

எங்க மாஸ்டர் லீவு போட்ட ஒரு வாரம் வயசான டீச்சர் ஒருத்தங்க வந்தாங்க. அவங்க கிளாஸ் ஆரம்பிக்கும்போதே நமஸ்தே சொன்னாங்க, பார்க்கும்போதும் சொல்றது, கிளம்பும்போதும் சொல்றதுதானேன்னாங்க. முடியும்போது ரெண்டு கட்டை விரலும் நெஞ்செலும்புல படற மாதிரி கையைக் கூப்பி ஒவ்வொருத்தர் முன்னாடியும் வந்து நின்னு, முகத்தைப் பார்த்து, லேசா குனிஞ்சு தனித்தனியா சொன்னாங்க. பன்னெண்டு பேருக்கு ரெண்டு நிமிஷம் கூட ஆகல, அன்னைக்கு ஒரு மேட் கூட சுருளல.

அடுத்த தடவை இந்தச் சொல் உங்க பக்கத்துல வந்தா உனக்கு வணக்கம்னு மட்டும் போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி