பள்ளிக்கு மேலுள்ள சுரங்கக் கழிவு மண் மேட்டில் மரம் வெட்டுவதை நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் மற்றும் கீழத்தெரு பொதுமக்கள்

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பொருள்: சுண்ணாம்புக்கல் சுரங்கக் கழிவு மண் மேட்டின் சரிவைப் பாதுகாக்க வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாளில் நாங்கள் அளித்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தொடக்கப்பள்ளியைத் தாங்கள் அறிவீர்கள். வாக்குச்சாவடியைப் பார்வையிட வந்த அன்று தங்கள் வாகனம் நின்ற இடத்துக்கு நேர் பின்னால் உயர்ந்து நிற்கும் மண் மேட்டைப் பற்றியே மீண்டும் எழுதுகிறோம்.

1. கல் எடுப்பதற்காகத் தோண்டிய கரிசல் மண்ணையும் உதிரிக் கல்லையும் கொட்டிக் கொட்டி உயர்த்திய மேடு அது. அதன் அடிவாரம் எங்கள் சத்துணவுக் கூடத்திலிருந்து முப்பது அடிகூட இல்லை.

2. மேட்டைப் பசுமையாக்குவதாகச் சொல்லிச் சுரங்க நிர்வாகத்தினர் சவுக்கு நட்டார்கள். மரங்கள் வளர்ந்த ஆண்டுகளில் மண் அரிப்பு குறைந்தது என்பதை நாங்கள் மறுக்கவில்லை. வேர்கள் மேல்மண்ணைப் பின்னிப் பிடித்தன. மேட்டில் ஊறிய நீரையும் உறிஞ்சின. ஆனால் சென்ற ஆண்டு சித்திரையில் கீழ்ப்பாதி மரங்களை வெட்டியதோடு நிற்காமல், விறகுக்காக வேர்க்கட்டைகளையும் பொக்லைன் வைத்துப் பெயர்த்தெடுத்து, குழிகளை மூடாமலே போய்விட்டார்கள். மேட்டைத் தாங்கும் அடிவாரத்தையே இப்படித் தோண்டலாமா ஐயா?

3. ஐப்பசி மழையில் அந்தக் குழிகளில் நீர் தேங்கியது. கோடையில் வெடித்து மழையில் உப்பும் கரிசலின் குணம் தாங்கள் அறியாததல்ல. வெடிப்பு வழியே இறங்கிய நீர் உள்ளே தங்கி, ஒரு விடியற்காலையில் சரிவின் ஒரு பகுதி சேறாக இறங்கிச் சத்துணவுக் கூடத்தின் பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. அடுப்பு மூடிப்போனது. அரிசி மூட்டைகள் பாதியளவு சேற்றில் புதைந்தன. சமையலர் அம்மா வந்து சேர இன்னும் அரைமணி நேரம் இருந்ததால் உயிர் பிழைத்தார். அன்றிலிருந்து வானம் இருண்டால் எங்கள் பிள்ளைகள் பாடத்தைக் கவனிப்பதில்லை, சன்னலையே பார்க்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள், மழை நாளில் பின்வரிசையில் உட்கார மாட்டேன் என்று அழுகிறாள். மேட்டின் மேல்விளிம்பில் புதிதாக ஒரு வெடிப்பு விழுந்திருக்கிறது. ஆறடி மூங்கில் கழியை விட்டுப் பார்த்தோம், முழுவதும் உள்ளே போனது. இதைச் சென்ற மனுவிலும் எழுதியிருந்தோம். ஆய்வுக்கு வந்தவர்கள் சாலையிலிருந்தே படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள்.

4. "மேலே மரம் நிற்கிறதே, சரியாது" என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த ஒரே பதில். மரவேரில் பெரும்பகுதி மேலே ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்துக்குள்தான் பரவும். தோல்போல் உள்ள மேல்மண்ணை அது காக்கும். மேட்டின் உள்ளே ஆழத்தில் நீர் ஊறி மொத்தமாகச் சரிந்தால் மரமும் சேர்ந்துதான் வரும். செங்குத்தான சரிவில் ஆடும் நெட்டை மரம் காற்றில் சாய்ந்தால் வேரோடு மண்ணையும் பெயர்த்துவிடும். 1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸ் நாட்டு அபர்ஃபானில் நிலக்கரிச் சுரங்கக் கழிவு மேடு நீர் ஊறிச் சரிந்து பள்ளியை மூடியதில் 144 பேர் இறந்தார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள். எங்கள் பள்ளியும் மேட்டின் அடியில்தான் இருக்கிறது. இன்னும் எத்தனை மனு எழுத வேண்டும்?

5. கழிவு மேட்டைப் படிப்படியாக வெட்டி அமைத்து, செடிகொடிகளாலோ வேறு வகையிலோ நிலைப்படுத்த வேண்டும் என்று கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகளே கூறுகின்றன. ஆகவே மீதமுள்ள மரங்களை வெட்டுவதை உடனே நிறுத்தவும், குழிகளையும் வெடிப்புகளையும் மண்ணிட்டு இறுக்கவும், சரிவைத் தணித்துப் படிகளாக்கவும், மழைநீர் உள்ளே இறங்காமல் சுற்று வாய்க்கால் வெட்டவும், அடிவாரத்தில் கல் தடுப்புச் சுவர் எழுப்பவும் ஆணையிட வேண்டுகிறோம். அதன் பிறகு ஆழமாக வேர்விடும் வெட்டிவேரை வரிசையாக நட்டு, இடையிடையே புங்கும் வேம்பும் வைக்கட்டும். நட்டவற்றை விறகுக்கு விற்கக் கூடாது. இவ்வேலைகள் முடியும்வரை வகுப்புகளைச் சமுதாயக் கூடத்துக்கு மாற்றவும் வேண்டுகிறோம்.

ஐயா, ஐப்பசிக்கு இன்னும் இரண்டு மாதமே இருக்கிறது. தாங்களே நேரில் வந்து, சாலையில் நில்லாமல் மேட்டின் மேல் ஏறி, அந்த வெடிப்பைப் பார்க்க வேண்டும். மரம் வெட்டுவதை மழைக்கு முன் நிறுத்துங்கள் என்று மீண்டும் பணிந்து வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர்,
கீழத்தெரு பொதுமக்கள் சார்பாக