ஒரு மாநிலத் தோல்வி கலைத்த நாடாளுமன்றம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜெர்மனியின் மாநிலத் தேர்தல்களை உள்ளூர் விவகாரமாகப் பார்ப்பது சரியல்ல. 2005-இல் நடந்ததை நினைவுபடுத்த விரும்புகிறேன்.

அந்த ஆண்டு மே 22 அன்று வடக்கு ரைன்-வெஸ்ட்பாலியா மாநிலத்தில், நாட்டை ஆண்ட கூட்டணியின் தலைமைக் கட்சியான சமூக ஜனநாயகக் கட்சி தோற்றது. நிலக்கரிச் சுரங்கங்களும் எஃகு ஆலைகளும் நிறைந்த அந்த மாநிலத்தை அக்கட்சி 39 ஆண்டுகள் ஆண்டிருந்தது. வேலையில்லாதவர்கள் எண்ணிக்கை நாடு முழுவதும் ஐம்பது லட்சத்தை எட்டியிருந்த நேரம் அது. உதவித்தொகை விதிகளை இறுக்கிய 'ஹார்ட்ஸ் 4' சட்டத்தின் மீது தொழிலாளர்களுக்குக் கடும் கோபம். அந்தக் கோபம் நியாயமானது என்பதே என் கருத்து.

முடிவு வந்த அன்று மாலையே, நாடாளுமன்றத் தேர்தலை முன்கூட்டியே நடத்தப்போவதாக அக்கட்சியைச் சேர்ந்த சான்சலர் (நாட்டின் அரசுக்குத் தலைமை வகிப்பவர்) ஷ்ரோடர் அறிவித்தார். ஆனால் அங்கே சான்சலர் நினைத்தவுடன் அவையைக் கலைத்துவிட முடியாது; நம்பிக்கை வாக்கில் தோற்றால்தான் கலைக்கும்படி குடியரசுத் தலைவரிடம் கோர முடியும். எனவே ஜூலை 1 அன்று நம்பிக்கை வாக்குக் கோரி, தம் கட்சியினர் பலரையே வாக்களிக்காமல் இருக்கச் செய்து, வேண்டுமென்றே தோற்றார். குடியரசுத் தலைவர் கோலர் அவையைக் கலைத்தார். அரசியல் சாசன நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பெரும்பான்மை உள்ள ஓர் அரசு தன்னைத்தானே கவிழ்த்துக்கொண்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம் செப்டம்பரில் நடந்த தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சிக்கும், அதன் எதிரணியான மெர்கலின் கிறிஸ்தவ ஜனநாயக அணிக்கும் இடையே ஒரு சதவீதமே வித்தியாசம். இரண்டும் சேர்ந்து கூட்டணி அமைக்க, நவம்பர் 22 அன்று அங்கேலா மெர்கல் சான்சலரானார். 16 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி