சூரிய விமானமும் ராத்திரியும்

கீழக்கரை

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று படித்ததில் மகிழ்ச்சி. இங்கே அனைவரும் நலம். சூரிய ஒளியிலேயே உலகைச் சுற்றிய விமானத்தை அன்று அவ்வளவு கொண்டாடினார்களே, பிறகு பேச்சையே காணோமே என்று கேட்டிருந்தீர்கள்.

2015 மார்ச்சில் சோலார் இம்பல்ஸ் 2 கிளம்பியது அபுதாபியிலிருந்து. வளைகுடாவில் ஒருவரேனும் இல்லாத குடும்பம் நம்மூரில் அரிது என்பதால், டீக்கடையில் அதே பேச்சாக இருந்தது. "டிக்கெட் என்ன விலை இருக்கும்?" என்று கேட்ட ஒருவர், விமானி ஒருவர் மட்டுமே அமரலாம் என்று தெரிந்ததும், "அப்ப வெறும் வேடிக்கைதான்" என்று எழுந்து போய்விட்டார். இறக்கையின் நீளம் 72 மீட்டர், வேகமோ சராசரியாக மணிக்கு 75 கிலோமீட்டர் அளவுதான் என்னும்போது அவருடைய ஏமாற்றத்தையும் குறை சொல்ல முடியாது. ஆனால் வள்ளத்தில் இரவுத் தொழிலுக்குப் போகிற ஒருவர், "பொழுது அடைஞ்ச பிறகு அது என்ன செய்யும்?" என்று கேட்டார் பாருங்கள், பத்திரிகைகளின் பாராட்டுரைகளைவிட அந்தக் கேள்வியே எனக்குப் பெரிதாகப்பட்டது.

பகலில் 17,248 சூரிய மின்கலங்கள் தரும் மின்சாரத்தில் மோட்டார்களை ஓட்டி, பேட்டரியையும் நிரப்பிக்கொண்டு ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரத்துக்கு ஏறுவதும், இருட்டத் தொடங்கியதும் அந்த உயரத்தைச் செலவழித்து மெல்லச் சறுக்கி இறங்கி, எஞ்சிய இரவைப் பேட்டரியில் கடப்பதும்தான் அதன் வழி. இப்படித்தான் அதை மாறி மாறி ஓட்டிய இரு விமானிகளில் ஒருவரான ஆந்த்ரே போர்ஷ்பெர்க் ஜப்பானின் நகோயாவிலிருந்து ஹவாய் வரை, இருபது நிமிடக் குட்டித் தூக்கங்களோடு, ஏறக்குறைய 118 மணி நேரம் தனியாகப் பறந்தார். அந்தப் பயணத்தில் பேட்டரிகள் சூடேறிக் கெட்டதால் விமானம் மாதக்கணக்கில் ஹவாயிலேயே நின்றது. பிறகு மற்றொரு விமானியான பெர்ட்ராண்ட் பிக்கார்டு 2016 ஜூலை 26 அன்று அதை அபுதாபியில் இறக்கி உலக வலத்தை முடித்தார். மொத்த எடை 2,300 கிலோவில் பேட்டரி மட்டும் 633 கிலோ. ஓர் ஆள் இரவைக் கடக்கவே வானத்தில் இவ்வளவு சுமை வேண்டியிருக்கிறதென்றால், நூறு பேர் அமரும் சூரிய விமானத்தை நம் பேரப்பிள்ளைகளும் பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

தரையில் அந்தச் சுமை ஒரு பொருட்டே இல்லை. அதே 2016-இல் நம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தபோது ஊரே வியந்தது. ஆயினும் வீடுகளில் விளக்கும் விசிறியும் ஓடத் தொடங்கும் மாலை நேரத்தில் அந்தப் பலகைகள் ஓய்ந்துவிடுகின்றன. அங்கே பேட்டரி எத்தனை டன் இருந்தாலும் தரை தாங்கும். தடையாக நிற்பது விலைதான், அதுவும் ஆண்டுக்காண்டு இறங்கி வருகிறது.

மத்திய அரசின் 78,000 ரூபாய் மானியத்தில் வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் பலகை வைக்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். பேட்டரி இல்லாமல் மின்வாரிய இணைப்போடு மட்டும் பொருத்தினால், கரண்ட் போகும்போது நண்பகலாக இருந்தாலும் அதுவும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. எதிர்வீட்டார் இது தெரியாமல் வைத்துவிட்டு இப்போது புலம்புகிறார். பலகைகளைத் தாங்கும் இரும்புச் சட்டங்களுக்கு நன்றாகத் துத்தநாகம் பூசப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் உப்புக் காற்றுக்கு வெறும் இரும்பு தாங்காது. விலைப்பட்டியல் கைக்கு வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்