சித்திரைத் திருவிழா விடுமுறை: பெற்றோர் கவனத்திற்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். கல்வியாண்டின் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டோம். ஆண்டு விழா சிறப்பாக நடந்தது. விளையாட்டிலும் பேச்சுப் போட்டியிலும் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். ஆண்டிறுதித் தேர்வு நடந்துகொண்டிருக்கிறது.

மதுரையில் அழகர் வைகை ஆற்றில் இறங்கும் நாள் உள்ளூர் விடுமுறை. அதையொட்டித்தான் இந்தக் கடிதம். எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் சிலர் வகுப்பிலும், சீருடையோடு கடைத்தெருவிலும் பணம் வசூலித்திருக்கிறார்கள். அழகர் மேல் தண்ணீர் பீய்ச்ச மோட்டார் வாங்க வேண்டுமாம்.

திருவிழா மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மீனாட்சி கல்யாணம் முன்பு மாசியில் நடந்தது. அழகர் மதுரைக்குப் பக்கத்துக் கிராமமான தேனூரில் ஆற்றில் இறங்கினார். இரண்டையும் மதுரைக்குள் சித்திரையில் சேர்த்தவர் திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659). சித்திரையில் ஓடும் தேர் இன்றும் மாசி வீதிகளைத்தான் சுற்றுகிறது. அந்த மாற்றம் சுற்றுப்பட்டு ஊர்ச் சனங்களையெல்லாம் ஒரே ஆற்றங்கரையில் கூட்டியது.

தண்ணீர் பீய்ச்சுவது நேர்த்திக்கடன். விரதம் இருந்து, சல்லடம் என்னும் அரைக்கால் உடை கட்டி, தலையில் உருமால் துணியோடு, ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் சுமந்து வருவார்கள். அழகர்மலையிலிருந்து வெயிலில் வரும் சாமியைக் குளிர்விக்கிற தண்ணீர் அது, சாரலாகத்தான் விழும். மோட்டாரில் பாயும் தண்ணீர் பூசை செய்யும் பட்டர் கண்ணிலும், அப்பா தோளில் இருக்கும் குழந்தையின் முகத்திலும் அறைகிறது. போதாக்குறைக்கு அதில் பொடி வேறு கலக்கிறார்கள். விரதமும் இல்லை, வேண்டுதலும் இல்லை. உயர் அழுத்த மோட்டார் கூடாதென்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2024இல் உத்தரவே போட்டது. 2022இல் ஆற்றுக்குள் நெரிசலில் இரண்டு உயிர் போனதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

ஆகவே கண்டிப்பாகச் சொல்கிறேன். பள்ளியின் பெயரிலோ சீருடையிலோ இனி யாரும் வசூல் செய்யக் கூடாது. மீறினால் பெற்றோரை அழைத்துப் பேசிய பிறகே மாணவர் வகுப்புக்குள் வர முடியும். வசூலித்த பணம் கொடுத்தவர்களிடமே திரும்பச் சேர வேண்டும். அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் இரவு எதிர்சேவைக்குப் பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள்.

உங்கள் வீட்டில் தண்ணீர் பீய்ச்சும் வழக்கம் உண்டென்றால் பிள்ளையைக் கூடவே அழைத்துப் போங்கள். தோல்பையில் தண்ணீர் பிடிக்க தாத்தாவே சொல்லிக்கொடுக்கட்டும். சர்க்கரை நிரப்பிய செம்பில் விளக்கேற்ற அப்பத்தா சொல்லிக்கொடுக்கட்டும். ஒரு மோர்ப் பந்தலில் அரை நாள் நின்று தம்ளர் கழுவினாலும் அதுவும் அழகருக்குச் செய்ததுதான்.

வசூல் விஷயத்தைத் தயங்காமல் எங்களிடம் சொன்ன தாய்மார்களுக்கும், ஆண்டு முழுவதும் ஆசிரியர்களுக்குத் துணை நின்ற உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. விடுமுறைக்கு ஈடு செய்யும் வேலை நாளைப் பிறகு தெரிவிக்கிறோம். விடுமுறைக்கு மறுநாள் தேர்வு உள்ள வகுப்புகளுக்கு அட்டவணையில் மாற்றம் இல்லை.

அன்புடன்,
தலைமையாசிரியை