அத்தானின் துப்பாக்கியை விற்கும் முன்: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

நேற்று ராத்திரி நீங்கள் அனுப்பிய பதினோரு போட்டோவையும் பார்த்தேன். போட்டோக்களை விட, கீழே எழுதியிருந்த ஒரு வரிதான் தூக்கத்தைக் கெடுத்தது. "விற்பதற்கு முன்னால் இரும்பை நன்றாகத் தேய்த்து, கட்டைக்கு வார்னிஷ் அடித்துவிடலாம் என்றிருக்கிறேன்." மணி பன்னிரண்டு ஆகிவிட்டதால் போன் பண்ணவில்லை. வீட்டுப் பரணில் ஒரு பழைய ரைஃபிளை வைத்துக்கொண்டு இதே யோசனையில் இருக்கிறவர்கள் இன்னும் நாலு பேராவது இருப்பார்கள் என்று தோன்றியது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். அத்தான் பேர் எங்கும் வராது.

தேய்க்காதீர்கள் அக்கா. துணியில் நாலு சொட்டு துப்பாக்கி எண்ணெய் விட்டு இரும்பின் மேல் லேசாகத் துடைக்கலாம். கட்டையை உலர்ந்த துணியால் துடைக்கலாம். அதோடு நிறுத்துங்கள். உப்புத்தாள், இரும்பு நார், மெட்டல் பாலிஷ், வார்னிஷ் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது.

இதைச் சொல்கிற தகுதி எனக்கு எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலில் வாங்கியது ஒரு லீ என்ஃபீல்ட் நம்பர் 4, பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய ரைஃபிள். கட்டை கறுத்து, எண்ணெய்ப் பிசுக்கேறி, பார்க்கவே அழுக்காக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் மரம் புதுசு மாதிரி வெளுத்துவிட்டது. எனக்கு ஒரே பெருமை. அடுத்த வாரம் ஒரு பழைய சேகரிப்பாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கட்டையைப் பார்க்கவேயில்லை. மரமும் இரும்பும் சேரும் இடத்தில் நகத்தை வைத்து மெதுவாக இழுத்தார். "பார்த்தியா, நகம் இரும்பில் தட்டுது" என்றார். தொழிற்சாலையிலிருந்து வரும்போது மரம் இரும்பை விட ஒரு மயிரிழை உயரமாக நிற்கும். நான் தேய்த்ததில் அது பள்ளமாகிவிட்டது. சோதனை அதிகாரிகள் மரத்தில் குத்திய சின்ன முத்திரைகள் இரண்டு போன இடமே தெரியவில்லை. அன்றிலிருந்து எந்தப் பழைய துப்பாக்கியைக் கையில் எடுத்தாலும் முதலில் நகத்தைத்தான் வைக்கிறேன். நீங்களும் வைத்துப் பாருங்கள்.

அதற்கு முன்னால் இன்னொன்று. தோட்டாப் பெட்டியான மேகசினைக் கழற்றி, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் இரும்புத் தண்டு) பின்னால் இழுத்து, அறைக்குள் தோட்டா இல்லை என்று கண்ணாலும் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். அத்தான் எப்பவும் காலியாகத்தான் வைத்திருப்பார் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போட்டோவில் இருப்பது "ஜங்கிள் கார்பைன்" என்று ஊர் உலகம் அழைக்கும் வகை. சரியான பேர் லீ என்ஃபீல்ட் நம்பர் 5 மார்க் 1. நம்பர் 4 ரைஃபிளையே குட்டையாக்கி, எடை குறைத்து, 1944 முதல் 1947 வரை இங்கிலாந்தில் இரண்டே இடங்களில் செய்தார்கள்: ஃபசாகர்லியில் இருந்த அரசுத் தொழிற்சாலை, ஷர்லியில் இருந்த பி.எஸ்.ஏ. என்ற துப்பாக்கிக் கம்பெனி. தோட்டா அதே .303தான். குழல் முனையில் புனல் மாதிரி ஒரு தீச்சுடர் மறைப்பான், நுனி மழுங்கிய முன்கட்டை, பின்னால் தோளில் வைக்கும் இடத்தில் ரப்பர். இந்த மூன்றும் உங்கள் போட்டோவில் இருக்கின்றன. ஆனால் இந்த மூன்றும் இருப்பதாலேயே எதையும் முடிவு பண்ண முடியாது.

காரணம் இதுதான். போருக்குப் பிறகு நம்பர் 4 ரைஃபிள்கள் மலிவாகக் குவிந்தன. 1950-களிலும் 60-களிலும் அமெரிக்காவில் வியாபாரிகள் அவற்றின் குழலை வெட்டி, முன்கட்டையைச் சீவி, முனையில் ஒரு புனலை மாட்டி, வேட்டைக்காரர்களுக்கு விற்றார்கள். அன்றைக்கு யாரையும் ஏமாற்ற அவர்கள் நினைக்கவில்லை. ஆனால் ஐம்பது அறுபது வருஷம் கை மாறி வந்ததில் பல துப்பாக்கிகளுக்குத் தான் யார் என்பதே மறந்துபோய்விட்டது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. "ஜங்கிள் கார்பைன்" என்பது சிப்பாய்களும் சேகரிப்பாளர்களும் வைத்த செல்லப் பேர். பிரிட்டிஷ் ராணுவம் அதிகாரபூர்வமாக அப்படி அழைத்ததில்லை. ஆகவே இரும்பிலேயே அந்த வார்த்தை பொறித்திருந்தால், அது வியாபாரிகள் மாற்றிச் செய்தது என்று அங்கேயே முடிவு பண்ணிவிடலாம். உங்கள் போட்டோவில் அப்படி எதுவும் தெரியவில்லை. நல்லது.

நான் எதைப் பார்த்தாலும் ஒரு வரிசையில் பார்ப்பேன். போலி செய்ய எது கஷ்டமோ அதை முதலில். திருகு போட்டு மாட்டக்கூடியது கடைசியில். அந்தக் கடைசி வரிசையை இங்கே முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

மறைப்பான் புனல் தனியாகவே செய்து விற்கிறார்கள், அதனால் அது கடைசி. அசலில் அதைக் குழலோடு முள் அடித்து இறுக்கியிருப்பார்கள். சின்னத் திருகு தெரிந்தால் சந்தேகப்படுங்கள். பின்பக்கக் குறி பார்க்கும் தகட்டில் நம்பர் 5-க்கு 800 கஜம் வரைதான் எண் இருக்கும், நம்பர் 4-க்கு 1300 வரை. 800 இருந்தால் சந்தோஷம். ஆனால் அதுவும் கழற்றி மாட்டக்கூடிய தகடுதான். போல்ட் கைப்பிடியின் குமிழைத் திருப்பிப் பாருங்கள், அசலில் எடை குறைக்க அதன் உள்ளே குடைந்திருப்பார்கள். அதுவும் போல்ட்டோடு சேர்ந்து மாறி வந்திருக்கலாம். ரப்பர் கல் மாதிரி இறுகிப் போயிருக்கிறதா? இறுகியிருந்தால் அது நல்ல சகுனம். மெத்தென்று இருந்தால் பின்னால் யாரோ மாற்றியது.

குழலின் அடிப்பகுதியில்தான் இருக்கிறது ஆணிவேர். குழலை மேலே மூடியிருக்கும் மேல்கட்டைக்கு அடியில், குழல் உடலோடு சேரும் தடித்த பகுதியில், நம்பர் 5-க்கு என்றே இரும்பை ஆழமாகச் சீவி எடுத்திருப்பார்கள். கரண்டியால் தயிரைக் கோரி எடுத்த மாதிரி பள்ளம் இருக்கும். எடையைக் குறைக்கத்தான். போல்ட் ஓடும் இரும்பு உடலான ரிசீவரிலும் அங்கங்கே இதே மாதிரி குடைந்திருக்கும். நம்பர் 4 குழலை வெட்டிக் குட்டையாக்கியவர்கள், வெளியே தெரியாத இடத்தில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்ய மெனக்கெடவில்லை. அங்கே வழவழவென்று முழு உருண்டையாக இருந்தால், மீதி எல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது நம்பர் 5 இல்லை. பள்ளம் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

அடுத்தது எழுத்துகள். ரிசீவரின் இடது பக்கத்தில் வகையின் பேரை எலெக்ட்ரிக் பென்சிலால் (இரும்பில் எழுதும் மின்கருவி) கையெழுத்து போலக் கீறியிருப்பார்கள். ஃபசாகர்லி என்றால் ஆர்.ஓ.எஃப் (அரசுத் தொழிற்சாலை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்), பக்கத்தில் எஃப். பி.எஸ்.ஏ. ஷர்லி என்றால் எம் 47 சி என்ற குறியீடு. இந்தக் கீறல் ஆழமே இல்லாதது. பாலிஷ் சக்கரத்தில் ஒரு தடவை வைத்தால் போதும், அழிந்துவிடும். நான் ஏன் ராத்திரி தூங்கவில்லை என்று இப்போது புரிகிறதா? நீங்கள் தேய்க்க நினைத்த பக்கம் அந்த இடது பக்கம்தான்.

அங்கே மாதமும் வருஷமும் இருக்கிறதா என்றும் பாருங்கள். 3/45 என்பது மாதிரி. இந்தத் துப்பாக்கி பர்மாக் காட்டுப் போரில் இருந்தது என்று அத்தான் சொல்லும் கதையை நானும் எத்தனையோ தடவை வாய் பிளந்து கேட்டிருக்கிறேன். ஆனால் ஜப்பான் சரணடைந்தது 1945 ஆகஸ்டில். துப்பாக்கியில் 1946 என்று இருந்தால் அது பர்மாப் போரைப் பார்த்திருக்க வழியே இல்லை. மலாயாவில் 1948-க்குப் பிறகு நடந்த சண்டையை வேண்டுமானால் பார்த்திருக்கலாம். அத்தானிடம் அதை விற்றவர் கதை அளந்திருப்பார். அத்தான் நம்பியிருப்பார், அவ்வளவுதான்.

எண்களைப் பற்றி நீங்கள் கேட்டிருந்தீர்கள். வாங்குவதற்காகப் பேசிய ஆள் போனில் "எல்லாம் மேட்சிங்கா?" என்று கேட்டதாகச் சொன்னீர்கள். ரிசீவரின் இடது பக்க வரிசை எண்ணும், போல்ட் கைப்பிடியின் பின்பக்க எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்றுதான் அவர் கேட்கிறார். லீ என்ஃபீல்டில் இது வெறும் சேகரிப்பு ஆசை இல்லை. ஒவ்வொரு ரைஃபிளுக்கும் போல்ட்டைப் பொருத்திப் பார்த்து, அளவு சரியாக வரும்படி போல்ட் தலையைத் தேர்ந்தெடுத்து மாட்டியிருப்பார்கள். அந்தத் தலையிலேயே 0, 1, 2, 3 என்று அளவு எண் இருக்கும். வேறு துப்பாக்கியின் போல்ட் என்றால், சுடுவதற்கு முன் துப்பாக்கி பழுது பார்ப்பவர் ஒருவர் கருவி வைத்து அளந்தே ஆக வேண்டும்.

எண்கள் ஒன்றாக இருந்தாலும் உடனே குதிக்காதீர்கள். லென்ஸ் வைத்துப் பாருங்கள். எண்ணுக்கு அடியில் இரும்பு மட்டும் தட்டையாக, சுற்றியிருக்கிற இடத்தை விடப் பளபளவென்று இருந்தால், பழைய எண்ணை அராவிவிட்டுப் புது எண்ணைக் குத்தியிருக்கிறார்கள். பழைய எண்ணின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் புதியதைக் குத்தியிருந்தால் அது வேறு. அது ராணுவப் பட்டறையில் நேர்மையாகச் செய்த மாற்றம், மறைக்க நினைக்கிறவன் பழையதை விட்டுவைக்க மாட்டான். இந்த எண் பைத்தியம் எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க எம் 1 கேரண்டில் வரிசை எண் ரிசீவரில் மட்டும்தான், அதை "ஆல் மேட்சிங்" என்று ஒருவர் விற்க வந்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். ஜெர்மன் மௌசரில் நேர் எதிர், சின்னச் சின்ன உதிரிபாகத்தில்கூட எண்ணின் கடைசி இலக்கங்கள் இருக்கும்.

வேறு சில முத்திரைகளும் கண்ணில் படும். மூன்று கோட்டில் ஒரு அம்பு இருந்தால் பிரிட்டிஷ் அரசின் சொத்து. இரண்டு அம்புகள் முனையோடு முனை தொட்டு நின்றால் அரசு அதை விற்றுக் கழித்தது. குழலில் 2.222 என்றும் 18.5 டன் என்றும் இருந்தால் பயப்படாதீர்கள். பொதுமக்களுக்கு விற்பதற்கு முன் சோதித்துப் போட்ட முத்திரை அது. முதல் எண் தோட்டாக் கூட்டின் நீளம், அங்குலத்தில். இரண்டாவது அழுத்தம், ஒரு சதுர அங்குலத்துக்கு. இவையெல்லாம் குறை இல்லை, அது வந்த வழி.

இன்னொன்று, "மேலே யாரோ கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், அதை உரித்தால் உள்ளே நல்ல இரும்பு இருக்கும்" என்று எழுதியிருந்தீர்கள். அதையும் தொடாதீர்கள். போருக்குப் பின் ராணுவப் பட்டறைகளில் முழுசாகப் பழுது பார்த்த லீ என்ஃபீல்டுகளுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துச் சூட்டில் உலர்த்துவது வழக்கமாக இருந்தது. அப்படி என்றால் அதுவும் அதன் வரலாறுதான். உரித்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. பெயின்ட் எப்போதையது என்று போட்டோவில் சொல்ல முடியவில்லை, நேரில் பார்த்தால் சொல்வேன். முனைகள் மழுங்கி, எழுத்துகள் கரைந்து, திருகு ஓட்டைகளின் விளிம்பு குழிந்திருந்தால், பெயின்டுக்கு முன்னால் யாரோ சக்கரத்தில் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

விற்கும்போது எழுதுகிற விவரத்தில் அத்தானின் கதையைத் தனி வாக்கியமாக, "குடும்பத்தில் சொல்லப்படுவது" என்று வையுங்கள். அசலா என்று உறுதியாகாத பாகத்தை அசல் என்று எழுதாதீர்கள். நம்பர் 4-ஐ வெட்டியது என்று தெரிந்தாலும் அப்படியே எழுதி விற்கலாம், சுடுவதற்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். லைசென்ஸ், கை மாற்றும் சட்டம் எல்லாம் ஒவ்வொரு நாட்டிலும் வேறு வேறு. அத்தான் பேரில் இருந்தது இப்போது யார் பேரில் இருக்கிறது என்பதை முதலில் சரி பண்ணிவிட்டு, உரிமம் உள்ள வியாபாரி வழியாகவே போங்கள். அந்தப் போன்காரர் நேராக வீட்டுக்கு வருகிறேன் என்றால் வேண்டாம்.

எனக்கு இப்போது இரண்டு போட்டோ போதும். ஒன்று, இடது பக்கம், மேலேயிருந்து அடிக்காமல் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து எடுத்தது. கீறல் எழுத்து அப்போதுதான் நிழல் விழுந்து தெரியும். இரண்டாவது, மேல்கட்டைக்கு அடியில் இருக்கும் அந்தக் குழல் பகுதி. அதை நீங்கள் கழற்ற வேண்டாம். முன்னால் இருக்கிற வளையத்தின் திருகு ஸ்க்ரூடிரைவர் வழுக்கிச் சிதைந்துபோனால் அதையும் வாங்குகிறவன் பார்ப்பான். சனிக்கிழமை நானே சரியான அளவு ஸ்க்ரூடிரைவரோடு வருகிறேன். வார்னிஷ் டப்பாவைத் திறக்காமல் இருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி