லாயத்து ஆசான்களுக்கு விடுதியின் நன்றி

மதிப்பிற்குரிய பெரியோர்க்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

எங்கள் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவியரில் ஒரு குழுவினர், ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகள் வாழும் உங்கள் லாயத்துக்கு குதிரைகளோடு பழகித் தங்கள் உணர்வுகளை அறிந்துகொள்ளும் பயிற்சிக்காக இந்தக் கல்வியாண்டில் சனிக்கிழமைதோறும் வந்துபோனார்கள். அதற்கு இடமும் நேரமும் தந்த ஒவ்வொருவருக்கும், விடுதிக் காப்பாளர் என்ற முறையில் நான் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதல் நன்றி லாயத்தை நடத்தும் அம்மையாருக்கு. குதிரைப் பயிற்சி என்றதும் பிள்ளைகள் சேணத்தில் ஏறி வலம் வருவார்கள் என்றே பலரும் எண்ணியிருந்தோம். சவாரிப் படம் எங்கே என்று நச்சரித்த பெற்றோரும் உண்டு. அவரோ உடம்பைத் தேய்த்துவிடுவது, குளம்பைச் சுத்தம் செய்வது, கயிற்றைத் தளர்வாகப் பிடித்து நடத்திச் செல்வது என்று பாடத்தைப் பெரும்பாலும் தரையிலேயே வைத்துக்கொண்டார். குதிரை ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து ஓடிப் பிழைத்த இனம் என்பதையும், பக்கவாட்டில் அமைந்த கண்களால் அது ஏறக்குறையச் சுற்றிலும் பார்க்கிறது, நேர் பின்புறமும் நெற்றிக்கு நேர் முன்னாலும்தான் அதற்குத் தெரிவதில்லை என்பதையும் விளக்கிய பிறகே, தோள்பக்கமாகக் குரல் கொடுத்தபடி அணுகவேண்டும் என்றார். காரணம் தெரிந்ததால் பிள்ளைகள் அந்த விதியை மீறவே இல்லை.

எதற்கெடுத்தாலும் சத்தம் போடும் மாணவி ஒருத்தி (பெயர் வேண்டாம், படித்தால் அவளே சிரிப்பாள்) கயிற்றை இழுக்க இழுக்க, அந்தப் பழுப்புக் குதிரை காதுகளைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. "மூச்சை நல்லா விடும்மா, தோளை இறக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மையார் ஒதுங்கிக்கொண்டார். அவள் தோள் இறங்கிக் கயிறு தளர்ந்த பிறகே குதிரை காலெடுத்து வைத்தது. தன் கோபம் முகத்துக்கு வருமுன்னே கையில் ஏறிவிடுகிறது என்பதை அன்று அவளே கண்டுகொண்டாள். நாங்கள் யாரும் அதை அவளுக்கு எடுத்துச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் நீங்கள் செய்த பேருதவி என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு வகுப்புக்குப் பின்னும் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, "குதிரை என்ன செய்தது, அப்போது உன் உடம்பு எப்படி இருந்தது?" என்பதற்கு மேல் எதையும் கேட்காத உளவியல் ஆலோசகருக்கும் நன்றி. 'ஒன்றுமில்லை' என்றே பதில் சொல்லிப் பழகியவர்கள், பயம், கூச்சம், எரிச்சல் என்று பிரித்துச் சொல்லத் தொடங்கினார்கள். மனிதரின் உணர்வு குதிரைக்குத் தெரியுமா என்று ஐயப்பட்ட ஆசிரியர்களுக்கு, சினந்த மனித முகத்தின் படத்தைக் கண்ட குதிரைகளின் இதயத்துடிப்பு விரைந்து உயர்ந்ததாகச் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வை அவர் எடுத்துக்காட்டினார். அதே மூச்சில், இந்தப் பயிற்சி மருந்தல்ல, சிகிச்சை தேவைப்படும் பிள்ளைக்குச் சிகிச்சையே வேண்டும் என்றும் சொன்னார். அந்த நேர்மையால்தான் அவர்மீது எங்களுக்கு மதிப்பு கூடியது.

காலில் தாங்கி அணிந்த எங்கள் மாணவிக்கு, இளம்பிள்ளைவாதத்தால் முழங்காலுக்குக் கீழ் செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டல் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்றதையும், குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்குப் பிறர் கைகொடுக்க வேண்டியிருந்ததையும் சவாரி ஆசிரியர் சொன்னாராம். உதவி கேட்கத் தயங்கும் அந்தப் பெண், மறுவாரம் "அண்ணா, கொஞ்சம் பிடிங்க" என்று தானாகவே கேட்டதை அவர் மகிழ்ச்சியோடு எனக்குத் தெரிவித்தார்.

விடியுமுன் எழுந்து தண்ணீர் காட்டும் லாயத்து அண்ணன்மார், லாடம் அடிக்க வரும் பெரியவர், கட்டணம் வாங்காமல் பார்த்துச் சென்ற கால்நடை மருத்துவர், வேன் கொடுத்துதவிய அன்பர் ஆகியோருக்கும் எங்கள் வணக்கம். 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 9 கிலோ உலர்தீவனம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த மாணவியர், தங்கள் சேமிப்பிலிருந்து ஒரு சிறு தொகையைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அதை மறுக்காமல் பெற்றுக்கொள்ள வேண்டும் என்றும், வரும் கல்வியாண்டில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கும் சனிக்கிழமைகளை ஒதுக்கித் தரவேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
விடுதிக் காப்பாளர்