ஜூன் குளிருக்கு முன்னால்: லெனேசியாவிலிருந்து அப்பாவுக்கு

லெனேசியா, ஜொஹானஸ்பர்க்
ஏப்ரல் கடைசி வாரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் சித்தப்பா, சித்தியும் ஜூன் கடைசியில் வருவது உறுதியானதும் இங்கே வீட்டு வேலைகளை ஆரம்பித்துவிட்டோம். "பகலில் 18 டிகிரி இருக்கிற ஊரில் என்ன பெரிய குளிர்" என்று போனில் கேட்டீர்கள். வாசலில் நின்றால் நீங்கள் சொல்வது சரிதான். ஜொஹானஸ்பர்க் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,750 மீட்டரில் இருக்கிறது. ஜூன், ஜூலையில் மழை அநேகமாக இல்லை, மேகமும் இல்லை. அதனால் மண்ணும் சுவரும் பகலில் வாங்கிய சூடு ராத்திரியில் வானத்துக்கே போய்விடும். விடியற்காலையில் 4 டிகிரி சாதாரணம். சில நாள் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கிப் புல்லில் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும். பத்து மணிக்கு வாசலில் வெயில் காயலாம், உள்ளே வந்தால் ஸ்வெட்டர் வேண்டும். ஐரோப்பா மாதிரி வீடு முழுக்கச் சூடாக்கும் குழாய் ஏற்பாடு இங்கே வழக்கத்தில் இல்லை.

லெனேசியா, இனவாரியாக வாழிடத்தைப் பிரித்த 1950-ஆம் ஆண்டுக் குழுப் பகுதிச் சட்டத்தின் பேரில் இந்தியர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய ஊர். நாங்கள் இருப்பது அந்தப் பழைய வீடுகளில் ஒன்று. செங்கல் சுவர், இரும்புச் சட்ட ஜன்னல், ஒற்றைக் கண்ணாடி, ஓட்டுக்குக் கீழே ஜிப்சம் பலகை சீலிங். புதுக் கட்டடங்களுக்கு வெப்பக் காப்பு கட்டாயம் என்று விதி வந்ததே 2011-இல்தான். பழைய வீட்டுக்கு நாமாகச் செய்துகொண்டால் உண்டு.

கட்டடம் கட்டிய உங்களுக்குப் பிடிக்கும் ஒரு விஷயம் முதலில். இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது. ஜூனில் நடுப்பகலில் வடக்கு அடிவானத்திலிருந்து 40 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். வடக்கு ஜன்னல் வழியாகத் தரையில் வெகுதூரம் வெயில் விழும். தெற்கு அறைக்கு ஜூன் மாதம் முழுக்க ஒரு பொட்டு வெயில் கிடையாது. வாஸ்து பார்த்து தெற்குப் படுக்கையறையை உங்களுக்குக் கேட்காதீர்கள், உங்கள் இருவருக்கும் வடக்கு அறைதான். தெற்கு அறையில் நாங்கள் படுத்துக்கொள்கிறோம். சித்தப்பாவுக்கும் சித்திக்கும் நடு அறை.

வேலையில் முதலிடம் சீலிங்குக்கு. சூடான காற்று மேலேதான் போகும், மெல்லிய ஜிப்சம் பலகை அதைத் தடுக்காது. ஹீட்டர் வாங்கிவிட்டுப் பிறகு சீலிங்கை யோசிப்பது காசை ஓட்டுக்கு அனுப்புவதுதான். 135 மி.மீ. தடிமன் கண்ணாடிக் கம்பளி ரோல் வாங்குகிறோம். எத்தனை சதுர மீட்டர் என்று உறையில் அச்சிட்டிருக்கும். 6 சதுர மீட்டர் ரோல் என்றால் எங்கள் 90 சதுர மீட்டருக்கு 15 வேண்டும், வெட்டுச் சேதத்துக்கு ஒன்று கூட. விடியற்காலையில் ஏறிவிட வேண்டும். பதினோரு மணிக்கு மேல் ஓட்டுக்கடியில் வியர்த்துக் கொட்டும், வியர்த்த தோலில் அந்தத் தூள் பட்டால் அரிப்பு தாங்காது. முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி, கண்ணாடி நாலும் வேண்டும். மரச் சட்டத்தின் மேல் மட்டும் கால் வைக்க வேண்டும். ஜிப்சம் பலகையில் வைத்தால் கால் கீழே ஹாலில் தொங்கும். சட்டங்களுக்குக் குறுக்கே ஒரு மரப்பலகையைப் போட்டுக்கொண்டு நகர்வது நல்லது.

ரோலைச் சட்டங்களுக்கு இடையில் தளர்வாக விரிக்க வேண்டும், அமுக்கித் திணிக்கக் கூடாது. குளிரைத் தடுப்பது கம்பளிக்குள் நிற்கும் காற்றுதான், அமுக்கினால் அது போய்விடும். இறவாரத்துப் பக்கம் காற்று புகும் இடைவெளியை அடைக்கக் கூடாது, அடைத்தால் ஈரம் தங்கி மரம் உளுத்துவிடும். சீலிங்கில் பதித்த ஹாலஜன் விளக்குகள் இருந்தால் அவற்றின் மேலும் டிரான்ஸ்பார்மர் மேலும் கம்பளி மூடக் கூடாது, தீப்பிடிக்கும். முதலில் அவற்றை எல்.இ.டி.க்கு மாற்றிவிட்டு, அப்போதும் சுற்றிலும் இடைவெளி விட வேண்டும். பரணேறும் மூடிப் பலகையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதன் முதுகிலும் ஒரு துண்டு ஒட்ட வேண்டும்.

இன்னொன்று, வேலைக்கு வருகிறவர்கள் சொல்ல மாட்டார்கள். கம்பளி போட்டபின் வீட்டுச் சூடு மேலே போகாது, அதனால் ஓட்டுக்கடி முன்பைவிடக் குளிர்ந்துவிடும். தண்ணீர்க் குழாய்கள் அங்கேதான் ஓடுகின்றன. உறைந்தால் வெடிக்கும், பனி உருகும்போதுதான் ஒழுகுவது தெரியும். குழாய்க்கு நுரை உறை மாட்ட வேண்டும், அல்லது கம்பளியைக் குழாய்க்கு மேலாக விரிக்க வேண்டும். தோட்டத்து வெளிக்குழாய்க்கும் உறை வேண்டும். கூரையில் சூரிய வெந்நீர்த் தட்டு வைத்திருக்கும் வீடுகளிலும் இதே தொல்லை. தட்டுக்குள் வெறும் தண்ணீர் ஓடும் வகையாக இருந்தால் உறைபனி இரவில் விரிசல் விடும். உறையாமல் தடுக்கும் கிளைக்கால் (glycol) திரவம் கலந்த நீர் தனிச் சுற்றாக ஓடும் வகைதான் இந்த ஊருக்கு ஆகும்.

அடுத்தது ஜன்னல். இரும்புச் சட்டத்தில் கண்ணாடியைப் பிடித்திருக்கும் பட்டி (putty) காய்ந்து உதிர்ந்த இடத்தில் காற்று வரும். பழையதைச் சுரண்டி, துருவைத் தேய்த்து, ப்ரைமர் அடித்து, அது காய்ந்தபின் புதுப் பட்டி வைக்க வேண்டும். துரு மேலேயே வைத்தால் ஒரே வருஷத்தில் கழன்றுவிடும். பெயின்ட் அடிக்குமுன் பட்டி மேலே தோல் கட்டும்வரை சில நாள் காத்திருக்க வேண்டும். திறக்கும் பலகைகளுக்கு ஒட்டும் நுரைப்பட்டை போதும். சட்டத்தைத் துடைத்து ஸ்பிரிட் போட்டு ஒட்டினால்தான் நிற்கும். தடிமன் கூடினால் தாழ்ப்பாள் விழாது, அதனால் இடுக்கை அளந்து வாங்க வேண்டும். ஒரு தாளை வைத்து ஜன்னலைச் சாத்தி இழுத்துப் பாருங்கள், சுலபமாக உருவி வந்தால் அந்த இடத்தில் இடுக்கு இருக்கிறது. வாசற்கதவின் அடியில் பிரஷ் பட்டை திருகியாகிவிட்டது. சுவரின் மேல்பக்கத்துக் காற்றுத்துளைச் செங்கல்களை மட்டும் தொடவில்லை, காரணம் கேஸ் ஹீட்டரைப் பற்றி எழுதும்போது சொல்கிறேன்.

திரைச்சீலை ஃபோர்ட்ஸ்பர்க் ஓரியண்டல் பிளாசாவில் வாங்கினோம். உள்துணி வைத்த கனத்த சீலை, தரையைத் தொடும் நீளம். காலையில் வடக்குச் சீலைகளைத் திறப்பது, வெயில் இறங்கும் ஐந்தரைக்கு முன் மூடுவது, இந்த ஒரு பழக்கத்துக்கு ஹீட்டரில் பாதி வேலை குறையும் என்பது என் கணிப்பு. இந்தக் காரியத்தைச் சித்தப்பாவிடம் விட்டுவிடலாம், கடிகாரம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

இப்போது ஹீட்டர். ஹாலுக்கு மூன்று எரிபலகை வைத்த கேஸ் ஹீட்டர், முதுகில் 9 கிலோ சிலிண்டர். மூன்றும் எரிந்தால் மணிக்கு 300 கிராமுக்கு மேல் போகும். முழுவீச்சில் ஒரு சிலிண்டர் 27, 28 மணி நேரம் வரும். சிலிண்டர் மாற்றும்போது ரெகுலேட்டர் மூட்டில் சோப்பு நுரை தடவிக் குமிழி பார்க்க வேண்டும், ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால் அன்றே மாற்ற வேண்டும். இது எரிவது அறைக்குள்ளேயே, புகைபோக்கி இல்லை. அதனால்தான் காற்றுத்துளைகளை அடைக்கவில்லை, எரியும்போது ஒரு ஜன்னலும் ஒரு கை அகலம் திறந்திருக்கும். "ஹீட்டர் போட்டுவிட்டு ஜன்னலைத் திறக்கிறாயே" என்று அம்மா சொல்வார்கள், முன்னமே சொல்லி வையுங்கள். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும். அது ஒற்றைக் கண்ணாடியிலும் தெற்குச் சுவரிலும் படிந்து கரும்பூஞ்சணம் பிடிக்கும். காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும், அதற்கு மணம்கூட இல்லை. தகர டின்னில் கரி போடும் இம்பாவுலாவை அறைக்குள் வைத்துத் தூங்கி உயிர் போகும் செய்தி குளிர்காலத்தில் இங்கே வரத்தான் செய்கிறது. ஆகவே கேஸ், சாப்பாடு முடியும்வரை ஹாலில் மட்டும். படுக்கப் போகும்போது அணைத்து, சிலிண்டர் வால்வையும் மூடிவிடுவோம்.

படுக்கையறைக்கு எண்ணெய் ஹீட்டர், 2,000 வாட். படுக்கையில் மின்போர்வை, இது விரிப்புக்கு அடியில் போடுவது. அறை முழுவதையும் சூடாக்குவதைவிட இதுதான் எனக்குப் பிடித்த வழி, நூறு வாட்டுக்குள் முடிந்துவிடும். படுப்பதற்கு அரைமணி முன் போட்டு, படுத்ததும் அணைக்க வேண்டும். மடித்து வைத்தால் உள்கம்பி உடையும், சுருட்டித்தான் வைக்க வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் பாதத்தில் சூடு உறைக்காமல் போகலாம். அவர்கள் படுக்குமுன் நானே அணைத்துவிடுகிறேன், வெந்நீர்ப் பையும் காலடியில் வேண்டாம்.

ஒரே பிளக் வரிசையில் இரண்டு ஹீட்டரும் கெட்டிலும் போட்டால் 27 ஆம்பியர் ஆகிவிடும், பிரேக்கர் 20 ஆம்பியர்தான். விழத்தான் செய்யும். ஆறு பேர் இருக்கும் வீட்டில் டீ போடுமுன் ஒரு ஹீட்டரை அணைப்பது என்று முறை வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஹீட்டர் மாட்டவே கூடாது. லோட் ஷெடிங் வந்தால் இன்வெர்ட்டர் விளக்கையும் வைஃபையையும் மட்டும் தாங்கும். கரன்ட் போனதும் கீசரையும் ஹீட்டர்களையும் அணைத்து வைத்தால், திரும்பி வரும்போது எல்லாம் சேர்ந்து இழுக்காது.

கீசர் பரணில் இருக்கிறது, 150 லிட்டர், 3 கிலோவாட். குளிர்ந்த தண்ணீர் 60 டிகிரிக்கு வர இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆறு பேரும் ஷவரில் நின்றால் நாலாவது ஆளுக்கே தண்ணீர் ஆறியிருக்கும். நம் வாளி-சொம்புக் குளியலுக்கு இருபது லிட்டர் போதும், அதனால் குளியலறையில் இரண்டு வாளி வைத்திருக்கிறேன். இரண்டு பேர் ராத்திரியே குளித்துவிட்டால் இன்னும் நல்லது. கீசருக்கும் அதன் வெந்நீர்க் குழாயின் முதல் இரண்டு மூன்று மீட்டருக்கும் போர்வை சுற்றியாயிற்று. தெர்மோஸ்டாட்டை 60-க்குக் கீழே இறக்கினால் கிருமி வளரலாம் என்பதால் இறக்கவில்லை. குழாயைத் திறந்ததும் கை வைக்காமல் முதலில் பச்சைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். குளியலறையில் பிளக் பாயின்ட் கிடையாது. உயரத்தில் சுவரோடு பதித்த ஹீட்டர் ஒன்று எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டியிருக்கிறோம், கயிற்றை இழுத்தால் எரியும்.

அம்மாவுக்கு: இட்லி மாவு வெளியே வைத்தால் இரண்டு நாளானாலும் பொங்காது. ஓவனைச் சூடாக்காமல், உள்விளக்கை மட்டும் எரியவிட்டு வைத்தால் பன்னிரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். பழைய இழை பல்பாக இருக்க வேண்டும், எல்.இ.டி.யில் சூடு வராது. தேங்காயெண்ணெய் கட்டியாகத்தான் இருக்கும், ஜன்னலோரம் வெயிலில் வைக்கலாம். காற்று மிகவும் வறட்சி, உதடும் குதிகாலும் வெடிக்கும். வாஸ்லின் டப்பா பெரியதாக இங்கேயே கிடைக்கிறது, சுமக்க வேண்டாம்.

கொண்டுவர வேண்டியவை: நம் வீட்டு ஏசிக்குப் போடும் பெரிய மூன்றுமுள் பிளக் இங்கே அப்படியே பொருந்தும். சின்ன 5 ஆம்பியர் பிளக் பொருந்தாது, போன் சார்ஜருக்கு அடாப்டர் நான் வாங்கி வைக்கிறேன். சித்தப்பாவின் சுவாசக் கருவியின் பிளக் எந்த வகை என்று போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரே தடித்த கோட்டைவிட மெல்லிய இரண்டு ஸ்வெட்டர் நல்லது, மதியம் ஒன்றைக் கழற்றிவிடலாம். மங்கி கேப்பைக் கூச்சப்படாமல் எடுத்து வாருங்கள். பவானி ஜமக்காளம் இரண்டு வேண்டும், டைல்ஸ் தரையில் விரிப்பதற்கு. வழுக்காமலிருக்க அடியில் போடும் ஃபெல்ட் விரிப்பை ஆறுக்கு நாலடியில் வெட்டி வைத்திருக்கிறேன், அதே அளவில் எடுங்கள். பெட்டியில் எடை மிஞ்சினால் ஒன்று போதும், ஹாலுக்கு.

உங்கள் அன்பு மகள்